கைப்பேசியில் தேடும் காய்ச்சல்: பாலிங் வட்டாரத்தின் பருவங்களும் நோய் அறிகுறிகளும்

வீட்டில் யாருக்காவது உடம்பு காய்ந்தால் முன்பு தோட்டத்து டிரசரிடம் ஓடுவார்கள். இன்று முதலில் கேட்கப்படுவது கைப்பேசிதான். இரவு பதினொரு மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் 'காய்ச்சல் குறைய என்ன செய்வது' என்று தட்டச்சு செய்கிறோம், அல்லது வாயால் சொல்லித் தேடுகிறோம். அதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தேடல் உங்களுக்கு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரிந்திருக்க வேண்டும். பாலிங், குப்பாங், கோலக்கெட்டில் பகுதிகளில் வாழும் தோட்ட மக்களுக்கும் நகர மக்களுக்கும் இந்த வேறுபாடு சில வேளைகளில் உயிர் சம்பந்தப்பட்டது.

தேடல்களுக்கும் பருவம் உண்டு

உலகம் முழுவதும் மக்கள் எந்தச் சொல்லை எப்போது அதிகம் தேடுகிறார்கள் என்பதைக் கூகுள் நிறுவனம் கோடுகளாக வரைந்து காட்டுகிறது. 'கூகுள் டிரெண்ட்ஸ்' எனப்படும் இந்தச் சேவையில் 2004-ஆம் ஆண்டு முதலான தேடல்களைப் பார்க்கலாம். நான்கு பருவமுள்ள நாடுகளில் இருமல், சளி, காய்ச்சல் ஆகிய சொற்கள் குளிர்காலத்தில் உயரும். கணுக்கால் வீக்கம் கோடையில் உயரும். ஆஸ்திரேலியாவில் கோடை நமது ஆண்டு இறுதியில் வருவதால், அங்கே இந்தக் கோடுகள் தலைகீழாக இருக்கும். உடம்பு பருவத்தைப் பின்பற்றுகிறது, தேடல் உடம்பைப் பின்பற்றுகிறது என்பது இதிலிருந்து தெரிகிறது.

இதை நம்பி ஒரு பெரிய முயற்சியும் நடந்தது. 2008 நவம்பரில் கூகுள் நிறுவனம் அமெரிக்காவில் 'கூகுள் ஃபுளூ டிரெண்ட்ஸ்' என்ற கணிப்பைத் தொடங்கியது. மருத்துவமனைகளின் அறிக்கை வந்து சேர ஒன்றிரண்டு வாரம் ஆகும். தேடல்களைக் கணக்கிட்டால் சளிக்காய்ச்சல் எங்கே பரவுகிறது என்று அதற்கு முன்பே சொல்லிவிடலாம் என்பது எண்ணம். ஐந்து கோடிச் சொற்றொடர்களை அலசி, காய்ச்சல் கோட்டோடு ஒத்துப்போகும் 45-ஐத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த அலசலில் பள்ளிக்கூடக் கூடைப்பந்து பற்றிய தேடலும் காய்ச்சலோடு ஒத்துப்போனது. காரணம் எளிது: அமெரிக்கப் பள்ளிகளில் கூடைப்பந்து விளையாடுவதும் குளிர்காலத்தில்தான். அதைக் கண்டு நீக்கினார்கள்.

அப்படி நீக்க முடியாதவையும் இருந்தன. 2009-இல் எச்1என்1 காய்ச்சல் வழக்கமான பருவத்துக்கு வெளியே, வசந்த காலத்தில் கிளம்பியது. கணிப்பு அதன் தொடக்கத்தைத் தவறவிட்டது. 2012-13 குளிர்காலத்தில் உண்மையாக மருத்துவரிடம் சென்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு நோயாளிகள் இருப்பதாகக் கணிப்பு காட்டியது. செய்தியில் காய்ச்சலைப் பற்றிப் பேசினால், நோயில்லாதவர்களும் பயந்து தேடுகிறார்கள் என்பது இதற்கு ஒரு விளக்கம். 2015-இல் அந்தக் கணிப்பு வெளியீடு நிறுத்தப்பட்டது.

பாலிங்கின் கோடு எங்கே?

உங்கள் கைப்பேசியில் 'டிங்கி' என்ற சொல்லின் மலேசியக் கோட்டைத் திறந்து பார்த்தால் அது பாலிங்கின் நிலவரம் என்று எண்ணிவிடாதீர்கள். நம் நாட்டில் டிங்கிக் காய்ச்சல் சிலாங்கூர் மாநிலத்தில்தான் மிக அதிகம். மக்கள் தொகையும் அங்கேதான் அதிகம். ஆகவே நாட்டின் கோடு பெரும்பாலும் கிள்ளான் பள்ளத்தாக்கின் கோடு. தேடுபவர் எண்ணிக்கை குறைந்த இடங்களில் கோடு சுழியம் என்றே காட்டும். சுழியம் என்றால் நோய் இல்லை என்று பொருளல்ல. கணக்கில் எடுக்கும் அளவுக்குத் தேடல் இல்லை என்று பொருள்.

மொழியும் குறுக்கே நிற்கிறது. ஒரே வீட்டில் மகன் 'ஃபீவர்' என்று தேடுவான், மகள் பள்ளியில் படித்த மலாயில் 'டெமாம்' என்று தேடுவாள், அம்மா தமிழில் 'உடம்பு காயுது' என்று சொல்லித் தேடுவார். மூன்றும் ஒரே காய்ச்சல், மூன்று வேறு கோடுகள். பாட்டி தேடவே மாட்டார். ஆனால் நோய் முற்றினால் அதிகம் பாதிக்கப்படுபவர் அவர்தான்.

நம் வட்டாரத்தின் நாள்காட்டி

நமக்குக் குளிர்காலம் இல்லை. ஆனால் பருவம் இருக்கிறது. தீபகற்பத்தின் வடமேற்குப் பகுதியில் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் வறண்டவை. ஏப்ரல், மே மாதங்களிலும் செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலும் மழை கூடும்.

தைப்பூசம் முடிந்ததும் ரப்பர் மரங்கள் இலை கொட்டத் தொடங்கும். அந்த வாரங்களில் வெயில் நேராகத் தரையில் இறங்கும். வழக்கமாக நிழலில் வேலை செய்பவருக்கு நிழல் இருக்காது. தலைவலி, தலைச்சுற்றல், கெண்டைக்கால் பிடிப்பு, வாந்தி உணர்வு ஆகியவை அப்போது சகஜம். வானிலைத் துறை தொடர்ந்து மூன்று நாள் 35 முதல் 37 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவானால் முதல் நிலை எச்சரிக்கை விடுக்கும். 37-ஐத் தாண்டினால் இரண்டாம் நிலை. அண்டை மாநிலமான பெர்லிஸின் சுப்பிங்கில் 9 ஏப்ரல் 1998 அன்று 40.1 டிகிரி பதிவானது நினைவிருக்கலாம். வெயிலில் வேலை செய்தவர் பேச்சு குழறி, நினைவு தடுமாறினால் அது சாதாரணத் தலைச்சுற்றல் அல்ல. நிழலுக்குத் தூக்கிச் சென்று, உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே 999-ஐ அழையுங்கள். அங்கே தேடலுக்கு நேரமில்லை.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், குறிப்பாக ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை, சுமத்ராவின் காட்டுத்தீப் புகை நம் பக்கம் வரலாம். 2015, 2019 ஆண்டுகளின் புகைமூட்டத்தைப் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். காற்றின் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் ஆரோக்கியமற்ற நிலை. ஆஸ்துமா உள்ளவர்கள் உறிஞ்சு மருந்து தீரும் முன்பே வாங்கி வைத்திருங்கள்.

மழை வந்தபின்தான் விஷயம் சிக்கலாகிறது. ஏனென்றால் மழைக்குப் பின் வரும் நான்கைந்து நோய்களும் ஒரே முகத்தோடு வருகின்றன: காய்ச்சல், தலைவலி, உடல் வலி. கைப்பேசிக்கு அவை எல்லாம் ஒன்று.

மங்கில் தேங்கும் நீர்

ஏடிஸ் கொசுவின் முட்டை காய்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடு இருக்கும். முதல் மழை பட்டதும் பொரித்து, ஏழு முதல் பத்து நாளில் கொசுவாகிவிடும். அந்தக் கொசு நோயாளியைக் கடித்து, கிருமி அதன் உடலில் வளர மேலும் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அது கடித்தவருக்குக் காய்ச்சல் வர இன்னும் நான்கு முதல் பத்து நாள். கூட்டிப் பாருங்கள்: மழைக்கும் நோயாளிக்கும் நடுவே மூன்று நான்கு வாரம் ஓடிவிடுகிறது. 'காய்ச்சல்' என்று மக்கள் தேடத் தொடங்கும்போது கொசு வந்து வெகு நாளாகியிருக்கும்.

நகரத்தில் பூந்தொட்டியையும் கூரைத் தண்ணீர்க் குழாயையும் பார்க்கச் சொல்கிறோம். தோட்டத்தில் பார்க்க வேண்டியது பால் மங்கு. இலை கொட்டும் காலத்திலும், மரம் வெட்டாமல் விட்ட காட்டிலும் மங்குகள் கம்பியில் அப்படியே தொங்கும். மழை பெய்தால் ஒவ்வொன்றும் ஒரு சிறு குளம். ரப்பர் அதிகம் பயிராகும் கேரளாவில் 2006-07-இல் சிக்குன்குன்யா பரவியபோது இதே மங்குகள்தான் கவனத்துக்கு வந்தன. வெட்டு நிற்கும் காலத்தில் மங்கைக் கவிழ்த்து வைப்பது ஒரு மரத்துக்கு இரண்டு நொடி வேலை. கைவிடப்பட்ட சிறு தோட்டங்களில் அதைச் செய்ய ஆளில்லை என்பதுதான் சங்கடம்.

காய்ச்சல் விட்ட நாள்

டிங்கியில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. காய்ச்சல் தொடங்கி மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் உடல் சூடு இறங்கும். வீட்டில் நிம்மதி வரும். தேடுவதை நிறுத்திவிடுவோம். ஆனால் இரத்த நாளங்களிலிருந்து நீர் கசிந்து இரத்த அழுத்தம் விழும் ஆபத்து அந்த நேரத்தில்தான் அதிகம். சூடு இறங்கியும் நோயாளி தெளிவடையாமல் சோர்ந்து கிடந்தால், வயிறு வலித்தால், வாந்தி நிற்காவிட்டால், ஈறிலோ மூக்கிலோ இரத்தம் கசிந்தால், கை கால் சில்லிட்டால், சிறுநீர் குறைந்தால் அந்த மணி நேரமே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். நள்ளிரவானாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

2019-இல் மலேசியாவில் 130,101 பேருக்கு டிங்கி கண்டது, 182 பேர் இறந்தார்கள். நோய் கண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள் என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. தாமதமே ஆபத்தைக் கூட்டுகிறது.

முதல் நாள் இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாமல் போகலாம். 'ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள்' என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்; மறுபடி வரச் சொன்ன நாளில் கட்டாயம் போங்கள். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும், சொன்ன அளவில் கொடுங்கள். பொன்ஸ்தான், வோல்டாரன், புரூபன், ஆஸ்பிரின் ஆகியவை இரத்தக் கசிவைக் கூட்டக்கூடும். இருதய நோய்க்காக மருத்துவர் ஆஸ்பிரின் கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தாமல் அவரிடம் கேளுங்கள்.

டிங்கி பற்றித் தேடினால் பப்பாளி இலைச் சாறும் நண்டு சூப்பும் முன்னால் வந்து நிற்கும். சூப் குடிப்பதால் கெடுதல் இல்லை, நீராகாரம்தானே. ஆனால் இவை மருத்துவத்துக்கு மாற்று என்று நம்பி ஒரு நாளைக் கழித்தால், கழிந்த அந்த ஒரு நாள் ஆபத்தான நாளாக இருக்கலாம்.

வெள்ளம் வடிந்து பத்து நாள் கழித்து

4 ஜூலை 2022 மாலை குனோங் இனாஸ் மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் குப்பாங் வட்டாரத்தைத் தாக்கியது. மூவர் உயிரிழந்தார்கள், வீடுகளுக்குள் சேறும் மரத்துண்டுகளும் புகுந்தன. ஜூலை மாதம் நம் நினைவில் வெள்ள மாதமே அல்ல. நாள்காட்டியை நம்பி மட்டும் இருக்க முடியாது என்பதற்கு இதைவிட அருகில் வேறு சான்று வேண்டாம்.

வெள்ளம் வந்தால் வீட்டைக் கழுவுவோம். அந்தச் சேற்றில் எலியின் சிறுநீர் கலந்திருக்கலாம். காலில் உள்ள சிறு வெட்டு, வெடிப்பு, கண், வாய் வழியாகக் கிருமி உள்ளே போகும். எலிச் சிறுநீர்க் காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ் வெளிப்பட இரண்டு நாளிலிருந்து முப்பது நாள் வரை ஆகலாம். பலருக்கும் ஒன்று அல்லது இரண்டு வாரம். அதற்குள் வீடு காய்ந்திருக்கும், வேலைக்குத் திரும்பியிருப்போம். காய்ச்சலையும் அந்தச் சேற்றையும் மனம் சேர்த்துப் பார்க்காது. கைப்பேசியும் 'இரண்டு வாரத்துக்கு முன் தண்ணீரில் இறங்கினீர்களா' என்று தானாகக் கேட்காது.

திடீர்க் காய்ச்சலோடு கெண்டைக்கால் தசையைத் தொட்டாலே வலித்தால், கண் சிவந்தால், பின்னர் கண்ணோ தோலோ மஞ்சளானால், சிறுநீர் குறைந்தால் தாமதிக்க வேண்டாம். தொடக்கத்தில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்தால் நன்றாகக் கேட்கும் நோய் இது. விட்டுவிட்டால் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் பிடிக்கும். வெள்ளம் மட்டுமல்ல, அருவிக் குளியல், வாய்க்கால் துப்புரவு, செம்பனைக் காட்டில் வெறுங்காலோடு நடப்பது எல்லாம் இதில் அடங்கும். 2010 டிசம்பரிலிருந்து இது நம் நாட்டில் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று.

யாரும் தேடாத நோய்

தேடல் கோட்டின் மிகப் பெரிய குறை, மக்களுக்குப் பெயர் தெரிந்த நோயை மட்டுமே அது காட்டும் என்பது. மெலியோய்டோசிஸ் என்ற பெயரை எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? பெயர் தெரியாத நோயை எவரும் தட்டச்சு செய்வதில்லை. ஆனால் அது கெடா மாநிலத்தின் மண்ணிலேயே இருக்கும் நோய்.

இதை முதலில் கண்டறிந்து எழுதியவர்கள் 1911-12-இல் ரங்கூன் மருத்துவமனையில் பணியாற்றிய ஆல்ஃபிரட் விட்மோர், சி. எஸ். கிருஷ்ணசாமி ஆகிய இரு மருத்துவர்கள். நூறாண்டு கழிந்தும் இது பொதுமக்களுக்குப் புதுப் பெயர்தான். கிருமி ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. மழைக்காலத்தில் மேல்மண்ணுக்கு வருகிறது. காலின் காயம் வழியாகவோ, காற்றில் தெறிக்கும் நீர்த்துளி வழியாகவோ உடம்பில் சேர்கிறது. அலோர் ஸ்டார் வட்டாரத்தில் 2005 முதல் 2008 வரை நோயாளிகளைக் கணக்கிட்ட ஓர் ஆய்வில், ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஏறக்குறைய 16 பேருக்கு இது கண்டது தெரிந்தது. மூன்றில் ஒருவர் இறந்தார். நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இனிப்பு நீர் உள்ளவர்கள்.

அந்தக் கடைசி வரியை நாம் நின்று படிக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களிடையே அது 31 விழுக்காடு. ஆகவே உங்கள் அப்பாவுக்கு இனிப்பு நீர் இருந்து, மழை நாளில் தோட்டத்தில் வேலை செய்தபின் விடாத காய்ச்சல், இருமல், நெஞ்சு வலி அல்லது ஆறாத சீழ்க்கட்டி வந்தால், 'சாதாரண சளிதான்' என்று கைப்பேசி சொல்வதை ஏற்க வேண்டாம். இரத்தத்தையோ சீழையோ வளர்ப்புப் பரிசோதனை செய்தால்தான் இது தெரியும். சிகிச்சை நீண்டது: முதலில் மருத்துவமனையில் ஊசி மருந்து, பிறகு மூன்று மாதம் அளவில் மாத்திரை. உடம்பு தேறிவிட்டது என்று நடுவில் மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பும்.

காலணியைப் பற்றி ஒரு சொல். முழங்கால் வரையிலான ரப்பர் காலணி புழுக்கம் என்று பலர் கழற்றி வைக்கிறார்கள். இனிப்பு நீர் உள்ளவருக்கு காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். முள் குத்தியது தெரியாது. மழைக்காலத்தில் அவர் காலணியில்லாமல் காட்டுக்குப் போகக் கூடாது. திரும்பியதும் காலைக் கழுவி, உள்ளங்காலையும் விரலிடுக்கையும் யாராவது ஒருவர் பார்த்துவிடுவது நல்லது.

காட்டோரம் வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்ளூர் மலேரியா 2018 முதல் மலேசியாவில் பதிவாகவில்லை. ஆனால் குரங்குகளிடமிருந்து கொசு வழியாக வரும் மலேரியா இன்னும் இருக்கிறது. அது வேகமாக முற்றக்கூடியது. தாய்லாந்து எல்லைக் காடுகளுக்கு அருகில் தங்கியிருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். இரத்தத்துளிச் சோதனையில் அது தெரிந்துவிடும்.

கைப்பேசியை எப்படிப் பயன்படுத்துவது

தேடுவதைவிடக் குறித்து வைப்பதற்குக் கைப்பேசி நன்றாக உதவும். காய்ச்சல் தொடங்கிய நாளையும் நேரத்தையும் முதலில் குறியுங்கள். 'மூன்று நான்கு நாளா இருக்கு' என்பது மருத்துவருக்குப் போதாது. காலை மாலை உடல் சூடு எத்தனை டிகிரி, எத்தனை முறை சிறுநீர் போனது, என்ன மாத்திரை எப்போது கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள். தோலில் தடிப்பு தோன்றினால் வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். கிளினிக்குக்குப் போகும் நேரத்தில் அது மறைந்திருக்கலாம். பிறகு கடந்த ஒரு மாதத்தைத் திரும்பிப் பாருங்கள்: வெள்ளம், அருவி, சேறு, காடு, அண்டை வீட்டில் டிங்கி, வெளியூர்ப் பயணம். இவற்றில் எது இருந்தாலும் கேட்காமலேயே சொல்லுங்கள்.

தேடத்தான் வேண்டும் என்றால் 'என்ன நோய்' என்று தேடாதீர்கள். காய்ச்சலுக்கு நோய்ப் பெயர் கேட்டால் நூறு பெயர் வரும், பயமும் சேர்ந்து வரும். 'எப்போது மருத்துவமனைக்குப் போக வேண்டும்' என்று தேடுங்கள். சுகாதார அமைச்சின் பக்கமா, மருந்து விற்பவரின் பக்கமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் அருகிலுள்ள சுகாதார கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர், இனிப்பு நீரோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர் என்றால் முதல் நாளே போவது நல்லது. மலாயில் விவரிக்கத் தயங்கும் பெரியவர்களுக்குப் பிள்ளைகள் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுக்கலாம்: காய்ச்சல் தொடங்கிய தேதி, 'பாஞ்சிர்' என்றால் வெள்ளம், 'கெஞ்சிங் தீக்குஸ்' என்றால் எலிச் சிறுநீர்க் காய்ச்சல், 'கெஞ்சிங் மானிஸ்' என்றால் இனிப்பு நீர். பதிவு முகப்பிலேயே அந்தக் காகிதத்தை நீட்டினால் போதும். மேற்கொண்டு கேட்க வேண்டியதைத் தாதியர் கேட்டுக்கொள்வார்கள்.